காலநிலைச் சட்டத்துக்காக வீதிக்கு வந்த திருச்சபைகள்

2006 பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது வாரத்தில் ஓர் இரவு. கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஆசிரியபீடத்தில் அனைவரது கவனமும் அந்த மாதப் பிற்பகுதியில் ஜெனீவாவில் அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் நடைபெறவிருந்த பேச்சுவார்த்தைகள் மீதே குவிந்திருந்தது. வெளிநாட்டுச் செய்திகளைக் கவனித்துக்கொண்டிருந்த எனது மேசைக்கு செய்தி முகவரகத்தின் பிரதியொன்று வந்து சேர்ந்தது. காலநிலை மாற்றத்தைக் கட்டுப்படுத்த சட்டம் கொண்டுவருமாறு அமெரிக்காவின் கிறிஸ்தவத் தலைவர்கள் 86 பேர் கூட்டாகக் கோரிக்கை விடுத்திருப்பதாக அதில் கூறப்பட்டிருந்தது. "பாதிரிமாருக்கும் வானிலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்து மேசையில் இருந்த நண்பர் கேட்டார். எனக்கும் பதில் தெரிந்திருக்கவில்லை. செய்தியை நான்கு வரிகளாகச் சுருக்கி உட்பக்கமொன்றின் அடியில் போட்டுவிட்டேன்.

இருபது வருடங்களுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கும்போது அந்த நான்கு வரிகள் போதுமானவையாக இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கிறது. ஏறத்தாழ அதே காலகட்டத்தில் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் திருச்சபை சார்ந்த அமைப்புகள் ஒரே கோரிக்கையுடன் தங்கள் அரசாங்கங்களின் கதவுகளைத் தட்டின. ஒரே வேதாகமத்தையே இரு தரப்பினரும் கையில் வைத்திருந்தனர். ஒரே விஞ்ஞானியின் வாயிலிருந்தே பலர் விடயத்தை அறிந்துகொண்டனர். ஆனால், முடிவுகள் முற்றிலும் வேறானவையாக அமைந்தன. தேவாலயங்கள் நிரம்பி வழிந்த நாட்டில் முயற்சி தோற்றது. தேவாலயங்கள் வெறுமையாகிக்கொண்டிருந்த நாட்டில் சட்டம் பிறந்தது. இது ஏன் என்பது மதத்துக்கும் அரசியலுக்கும் இடையிலான உறவு பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் பயன்தரக்கூடிய கேள்வியாகும்.

இரு நாடுகளையும் இணைத்த அந்த விஞ்ஞானி சேர் ஜோன் ஹௌட்டன். 1931 இல் வேல்ஸில் பிறந்த அவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் வளிமண்டல பௌதிகவியல் பேராசிரியராகவும் பின்னர் பிரித்தானிய வானிலை அலுவலகத்தின் தலைவராகவும் பணியாற்றியவர். காலநிலை மாற்றம் பற்றிய அரசாங்கங்களுக்கு இடையிலான ஐ.நா. குழு 1988 இல் அமைக்கப்பட்டபோது அதன் விஞ்ஞான மதிப்பீட்டுப் பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்று 2002 வரை அதில் நீடித்தார். அதேவேளை, அவர் ஆழ்ந்த நம்பிக்கையுடைய சுவிசேஷக் கிறிஸ்தவர். பூமி மனிதனின் சொத்து அல்ல, பராமரிக்குமாறு அவனிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு என்பதே அவரது நிலைப்பாடாக இருந்தது. ஆய்வுகூடத்தில் பேசிய அதே தெளிவுடன் தேவாலயத்திலும் பேசக்கூடியவராக அவர் விளங்கினார்.

2002 ஜூலையில் ஒக்ஸ்போர்டில் நடைபெற்ற காலநிலை மாநாடொன்றுக்கு அமெரிக்க சுவிசேஷச் சபைகளின் தேசிய ஒன்றியத்தின் அரசாங்க விவகாரங்களுக்கான துணைத் தலைவர் ரிச்சர்ட் சைசிக் அழைத்துவரப்பட்டார். தயக்கத்துடன் வந்த அவர் ஹௌட்டனின் விளக்கங்களைக் கேட்ட பிறகு தனக்கு ஏற்பட்ட மாற்றத்தை மனந்திரும்புதலுக்கு ஒப்பிட்டுப் பின்னாளில் பல தடவைகள் கூறியிருக்கிறார். சைசிக் சாதாரண மனிதர் அல்ல. அவரது ஒன்றியம் சுமார் 3 கோடி கிறிஸ்தவர்களின் பெயரால் வொஷிங்டனில் பேசிவந்த அமைப்பாகும். 2004 ஜனாதிபதி தேர்தலில் வெள்ளையின சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கும் அதிகமானோர் ஜோர்ஜ் புஷ்ஷுக்கே வாக்களித்தனர். கியோட்டோ உடன்படிக்கையை 2001 இல் நிராகரித்தவர் அதே புஷ். எனவே, ஜனாதிபதியின் மனதை மாற்றக்கூடிய சக்தி எவருக்காவது இருந்திருந்தால் அது இந்த மக்களுக்கே இருந்தது எனலாம்.

2004 ஒக்டோபரில் தேசிய ஒன்றியம் தனது அரசியல் பொறுப்புகள் பற்றிய ஆவணத்தில் படைப்பைப் பேணுவதையும் ஒரு கடமையாக ஏற்றுக்கொண்டது. அதையடுத்தே 2006 பெப்ரவரி 8 ஆம் திகதி அந்த 86 பேரின் அறிக்கை வெளியானது. பெருந்தொகையான வாசகர்களைக் கொண்ட போதகர் ரிக் வொரன், 'இரட்சணிய சேனை'யின் அமெரிக்கத் தலைவர், கிறிஸ்தவக் கல்லூரிகளின் தலைவர்கள் 39 பேர் ஆகியோர் அதில் கைச்சாத்திட்டிருந்தனர். காலநிலை மாற்றம் உண்மையானது, மனிதர்களால் ஏற்படுவது. அதனால் மிக மோசமாகப் பாதிக்கப்படப்போவது வறியவர்களே. அயலானை நேசிக்கவேண்டியவர்கள் இதில் மௌனமாக இருக்கமுடியாது. உடனடியாகச் செயற்படவேண்டும் என்ற நான்கு விடயங்களையே அவர்கள் வலியுறுத்தினர். காபனீரொட்சைட்டு வாயு வெளியேற்றத்தைக் குறைப்பதற்கு மத்திய அரசாங்கம் சட்டம் இயற்றவேண்டும் என்பது அவர்களின் நேரடிக் கோரிக்கை.

ஆனால், அந்தப் பெயர்ப் பட்டியலில் சைசிக்கின் பெயர் இல்லை. ஒன்றியத்தின் அப்போதைய தலைவர் டெட் ஹகார்ட்டின் பெயரும் இல்லை. காரணம், அறிக்கை வெளியாவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே ஜேம்ஸ் டொப்சன், சார்ள்ஸ் கொல்சன் போன்ற செல்வாக்குமிக்க பழைமைவாதத் தலைவர்கள் 22 பேர் ஒன்றியத்துக்குக் கடிதம் அனுப்பியிருந்தனர். உலகம் வெப்பமடைதல் குறித்து சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் மத்தியில் கருத்தொருமிப்பு இல்லை என்பதால் ஒன்றியம் அது பற்றி நிலைப்பாடு எடுக்கக்கூடாது என்று அவர்கள் கேட்டிருந்தனர். 2007 மார்ச்சில் டொப்சனும் வேறு பலரும் மற்றொரு கடிதத்தை எழுதினர். கருக்கலைப்பு, திருமணம் போன்ற பெரிய அறநெறிப் பிரச்சினைகளில் இருந்து சைசிக் கவனத்தைத் திசைதிருப்புகிறார், அவரைக் கட்டுப்படுத்துங்கள் அல்லது விலகச் சொல்லுங்கள் என்பதே அதன் சாராம்சம். ஒன்றியத்தின் ஆளுநர் சபை அந்தத் தடவை அடிபணியவில்லை. ஆனால், 2008 டிசம்பரில் ஒருபாலினத்தவரின் குடியியல் இணைவை ஆதரிக்கும் வகையில் வானொலி நேர்காணலொன்றில் கருத்து வெளியிட்டதைத் தொடர்ந்து சைசிக் பதவி விலக நேர்ந்தது. சுமார் 28 வருடகாலப் பணி சில தினங்களில் முடிவுக்கு வந்தது.

அதற்கு அடுத்த வருடம் ஜூன் 26 ஆம் திகதி காலநிலைச் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 219 க்கு 212 என்ற மயிரிழை வித்தியாசத்தில் நிறைவேறியது. ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சியினர் எட்டுப் பேர் மாத்திரமே. செனட் சபையில் அது வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை; 2010 ஜூலையில் கைவிடப்பட்டது.

இனி அட்லாண்டிக் சமுத்திரத்தின் மறுகரைக்கு வருவோம். பிரித்தானியாவில் ஞாயிறு ஆராதனைக்குச் செல்வோரின் தொகை பல தசாப்தங்களாக வீழ்ச்சியடைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால், அங்குள்ள திருச்சபைகளிடம் ஓர் அனுபவம் இருந்தது. வறிய நாடுகளின் கடன்களை இரத்துச் செய்யக்கோரி 'ஜுபிலி 2000' இயக்கம் நடத்திய போராட்டமே அது. ஐம்பதாவது வருடத்தில் அடிமைகளை விடுவித்து, விற்கப்பட்ட நிலங்களைத் திருப்பிக் கொடுக்குமாறு கூறும் பழைய ஏற்பாட்டின் யூபிலி மரபில் இருந்தே அதன் பெயர் பிறந்தது. 1998 மே மாதத்தில் ஜீ-8 தலைவர்கள் கூடிய பேர்மிங்ஹாம் நகரத்தை சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலியாகச் சூழ்ந்து நின்றனர். தேவாலய மண்டபத்தில் சேர்க்கும் கையெழுத்தையும் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் கடிதத்தையும் எவ்வாறு அரசியல் பலமாக மாற்றுவது என்பதை அவர்கள் அங்கேதான் கற்றுக்கொண்டனர்.

பிரித்தானிய, அயர்லாந்து திருச்சபைகளின் நிவாரண நிறுவனமான 'கிறிஸ்டியன் எய்ட்' 2006 மே மாதத்தில் வறுமையையும் காலநிலையையும் தொடர்புபடுத்தி அறிக்கையொன்றை வெளியிட்டது. காலநிலை மாற்றத்தினால் பரவக்கூடிய நோய்களின் விளைவாக இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் மாத்திரம் 18 கோடியே 20 இலட்சம் பேர் உயிரிழக்கக்கூடும் என்று அது எச்சரித்தது. நிவாரணப் பணத்தினால் கட்டியெழுப்பியதையெல்லாம் வரட்சியும் வெள்ளமும் அடித்துச் செல்லுமானால் உண்டியல் குலுக்குவதில் பயனில்லை. காரணத்தையே தடுக்கவேண்டும் என்பதே அதன் வாதம். எனது நண்பர் அன்றிரவு கேட்ட கேள்விக்கான பதில் உண்மையில் இதுதான்.

அவர்கள் தனித்து நடக்கவில்லை என்பது இங்கு முக்கியமாகக் கவனிக்கத்தக்கது. 2005 செப்டெம்பரில் உருவான காலநிலைக் கூட்டணியில் கிறிஸ்டியன் எய்ட், டியர்பண்ட், கத்தோலிக்க திருச்சபையின் கபோட் ஆகியவற்றுடன் இஸ்லாமிய நிவாரண நிறுவனமும் மாதர் சங்கங்களின் சம்மேளனமும் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் ஒன்றாக அமர்ந்திருந்தன. சட்டத்துக்கான யோசனையை முன்வைத்து இயக்கத்தை வழிநடத்திய பெருமை 'பூமியின் நண்பர்கள்' அமைப்பையே சாரும். அவர்களது கோரிக்கையை ஆதரித்த பிரேரணையில் 646 பாராளுமன்ற உறுப்பினர்களில் 412 பேர் கைச்சாத்திட்டனர். எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கமரூனும் சட்டம் வேண்டும் என்று 2006 இல் கூறத்தொடங்கியதும் ஆளும் தொழிற்கட்சி பின்தங்கிவிட முடியாத நிலை உருவானது.

2007 கோடைகாலத்தில் கிறிஸ்டியன் எய்ட் ஆயிரம் மைல் நடைபயணமொன்றை ஏற்பாடு செய்தது. வட அயர்லாந்தில் தொடங்கி லண்டனில் முடிந்த அந்தப் பயணத்தில் பிரித்தானியர்களுடன் வளர்முக நாடுகளைச் சேர்ந்தவர்களும் நடந்தனர். வரட்சியைத் தங்கள் வயல்களில் கண்டவர்கள் வழிநெடுகிலும் இருந்த சிற்றூர்களின் தேவாலயங்களில் எழுந்து நின்று பேசினர். சுற்றாடல்வாதிகளின் துண்டுப்பிரசுரத்தைக் கையில் வாங்கவும் தயங்கும் கொன்சர்வேட்டிவ் கட்சி ஆதரவாளர்கள் தங்கள் சொந்த தேவாலயத்துக்கு வந்த விருந்தாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருப்பார்கள். திருச்சபைகள் இந்த இயக்கத்துக்குச் செய்த பிரத்தியேகமான பங்களிப்பு அதுவே என்று நான் கருதுகிறேன்.

சட்டமூலம் முதலில் 2050 ஆம் ஆண்டுக்குள் வாயு வெளியேற்றத்தை 60 சதவீதத்தினால் குறைப்பதையே இலக்காகக் கொண்டிருந்தது. திருச்சபைகள் உட்பட கூட்டணியினர் அது போதாது, 80 சதவீதம் வேண்டும் என்றனர். விஞ்ஞான ஆலோசனையும் அதற்கு ஆதரவாக அமையவே 2008 ஒக்டோபரில் அரசாங்கம் இணங்கியது. அந்த மாதம் 28 ஆம் திகதி பொதுச்சபையில் நடைபெற்ற இறுதி வாக்கெடுப்பில் ஆதரவாக 463 வாக்குகள். எதிராக மூன்றே மூன்று. நவம்பர் 26 ஆம் திகதி அது சட்டமானது. ஐந்தாண்டு உச்சவரம்புகளையும் அவற்றைக் கண்காணிக்கும் சுயாதீனக் குழுவையும் கொண்ட அந்தச் சட்டம் வேறு பல நாடுகளுக்கும் முன்மாதிரியாக அமைந்தது.

இந்த வெற்றியைத் திருச்சபைகளின் வெற்றி என்று கூறினால் அது மிகையாகும். அதேபோன்று, அமெரிக்காவின் தோல்விக்கு எரிபொருள் நிறுவனங்களின் செல்வாக்கும் செனட் சபையின் விதிமுறைகளும் பொருளாதார நெருக்கடியும் காரணங்களாக இருந்தன என்பதை மறைக்கவும் முடியாது. ஆனால், இரு இயக்கங்களுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு இருந்தது. அமெரிக்காவில் தலைவர்கள் மேலே கையெழுத்திட்டனர். கீழே வாங்குகளில் அமர்ந்திருந்த மக்களுடன் அந்தளவுக்குப் பேசப்படவில்லை. அந்த மக்களோ பல தசாப்தங்களாக ஒரு கட்சியுடன் பிணைக்கப்பட்டிருந்தனர். ஆகவே, காலநிலை பற்றிப் பேசிய போதகர் அவர்களுக்கு மறுமுகாமுக்குத் தாவியவராகத் தோன்றினார். பிரித்தானியாவிலோ திருச்சபைகள் எந்தக் கட்சிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. அதனால் எல்லாக் கட்சிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்க அவர்களால் முடிந்தது.

தேசிய எல்லைகளைக் கடந்தபோது அவர்களது பலத்தின் எல்லையும் தெரிந்தது. 2009 டிசம்பரில் கோபன்ஹேகன் மாநாட்டின்போது பேராயர் டெஸ்மண்ட் டுட்டு 5 இலட்சத்துக்கும் அதிகமான கையெழுத்துகளை ஐ.நா. அதிகாரியிடம் கையளித்தார். 13 ஆம் திகதி ஞாயிறன்று உலகின் பல பாகங்களிலும் தேவாலய மணிகள் 350 தடவைகள் ஒலித்தன. வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டின் பாதுகாப்பான அளவாகச் சில விஞ்ஞானிகள் குறிப்பிட்ட எண்ணிக்கை அது. மணிகள் ஓய்ந்து ஒரு வாரத்துக்குள் மாநாடு கட்டுப்படுத்தும் உடன்படிக்கை எதுவுமின்றி முடிந்தது.

அமெரிக்கா பெரியதொரு காலநிலைச் சட்டத்தை நிறைவேற்றுவதற்கு 2022 ஆகஸ்ட் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. செனட்டில் 50 க்கு 50 என்று சமநிலை ஏற்பட, துணை ஜனாதிபதியின் வாக்கினால் அது தப்பிப்பிழைத்தது. குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. அதே மாதத்தில்தான் சுவிசேஷச் சபைகளின் தேசிய ஒன்றியம் காலநிலை மாற்றம் வறியவர்களைப் பாதிப்பது பற்றிய விரிவான அறிக்கையை வெளியிட்டது.  ஒற்றை வாக்கினால் பிறந்த அந்தச் சட்டத்தின் சலுகைகளில் பல 2025 ஜூலையில் வெட்டப்பட்டன.

பிரித்தானியச் சட்டமும் நிரந்தரப் பாதுகாப்பில் இருப்பதாகக் கூறமுடியாது. தனது கட்சி ஆட்சிக்கு வந்தால் அதை இரத்துச் செய்யப்போவதாக கொன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவி கெமி பேடனொக் 2025 ஒக்டோபரில் அறிவித்தார். 463 பேரை ஒரே பக்கத்தில் நிற்கவைத்த அந்தக் கருத்தொருமிப்பு கலையத் தொடங்கியிருக்கிறது.

ஜோன் ஹௌட்டன் 2020 ஏப்ரிலில் கொவிட்-19 தொற்றினால் ஏற்பட்ட சிக்கல்களால் காலமானார். அந்த மரணச் செய்தியைப் படித்தபோது 2006 இன் அந்த இரவு நினைவுக்கு வந்தது. மதத் தலைவர்கள் கட்சி மேடைகளில் தாராளமாகக் காணப்படும் எமது நாட்டில் இருந்துகொண்டு இந்த வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அதன் பாடத்தை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கட்சியிடம் தன்னை ஒப்படைத்த பீடம் நியாயமான ஒன்றைக் கேட்கும் நாளில்கூட அந்தக் கட்சியின் குரலாகவே கேட்கும். நான்கு வரிகளில் சுருக்கியபோது நான் தவறவிட்டது இதைத்தான்.