பார்க்காமலே வாங்கிய 30 கார்கள்: ஒரு நீளமான த்ரெட்

"டாக்டர், தூரத்து ஊர்ல ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக்கு வந்திருக்கு. போட்டோ அருமையா இருக்கு. நேர்ல போய்ப் பார்க்க நேரமில்ல. வாங்கலாமா?" சளி, காய்ச்சலுக்கு அடுத்தபடியா என் இன்பாக்ஸுக்கு அதிகம் வர்ற கேள்வி இதுதான்.

அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் இதே கேள்வியை ஒரு காருக்கு இல்ல, 30 காருக்கு மொத்தமா கேட்டுக்கிட்டார். நடுவுல அட்லாண்டிக் கடல் வேற.

பிரான்ஸின் அல்சாஸ் பகுதி. ஹான்ஸ், ஃப்ரிட்ஸ்னு ரெண்டு ஷ்லும்ப்ஃப் சகோதரர்கள். கம்பளி நூற்பாலை முதலாளிகள். தம்பி ஃப்ரிட்ஸுக்கு புகாட்டி கார்னா உயிர். அதுவும் அதே அல்சாஸில், மோல்ஷைம் என்ற ஊரில் தயாரான கார். பந்தயங்களை வரிசையாக ஜெயித்த பெயர். ஆனா நிறுவனர் எத்தோரே புகாட்டி 1947ல் இறந்த பிறகு கம்பெனி எழுந்திருக்கவே இல்லை. 1960களின் தொடக்கத்தில் பழைய புகாட்டி என்பது பலருக்கு வெறும் பழைய வண்டி.

ஃப்ரிட்ஸ் உலகம் முழுக்க புகாட்டி வெச்சிருந்தவங்களுக்குக் கடிதம் போட ஆரம்பிச்சார். விற்கிறீங்களா, என்ன விலை? அதில் ஒரு கடிதம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஹாஃப்மன் என்ற சின்ன ஊரில் இருந்த ஜான் ஷேக்ஸ்பியர் என்பவருக்குப் போனது. (நாடகக்காரர் இல்லைங்க, இவர் வேற.) அவர்கிட்ட சுமார் 30 புகாட்டி இருந்தது. அதில் ஒன்று ராயல். 12.7 லிட்டர் இன்ஜின், மொத்தமே ஆறு கார்தான் கட்டினாங்க, அந்தக் காலத்திலேயே விற்றது மூணுதான். இந்த ராயலை ஷேக்ஸ்பியரும் 1956ல் லண்டன் வியாபாரி ஒருத்தர்கிட்டேர்ந்து கடல் தாண்டித்தான் வரவழைச்சார், சுமார் 10,000 டாலருக்கு.

மொத்தத்துக்கும் ஷேக்ஸ்பியர் கேட்டது ஒரு லட்சம் டாலருக்கு மேல். இப்ப நீங்க ஃப்ரிட்ஸ் இடத்தில் இருந்தா என்ன செய்வீங்க?

இங்க கொஞ்சம் இன்ஜின் அனாட்டமி சொல்லியாகணும். அந்தக் கால புகாட்டிகளில் சிலிண்டர் பிளாக்கும் ஹெட்டும் ஒரே வார்ப்பு, தனியா கழட்ட முடியாது. வால்வு வேலைக்குக்கூட பெரிய அறுவை சிகிச்சைதான். இல்லினாய் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். ரேடியேட்டர் தண்ணியை வடிக்க மறந்து ஒரு குளிர்காலம் விட்டா போதும், பிளாக் உள்ளுக்குள்ள விரிசல் விட்டுடும். வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். எந்த போட்டோவும் அதைக் காட்டாது. வாட்ஸ்அப்பில் வயித்தைப் போட்டோ எடுத்து அனுப்பி "அப்பெண்டிக்ஸா பாருங்க டாக்டர்"னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றதும் இதான்: கை வெச்சு அமுக்கிப் பார்க்காம சொல்ல முடியாதுங்க.

ஃப்ரிட்ஸுக்கும் இது தெரியும். அதனால விற்கிறவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கல. அமெரிக்க புகாட்டி கிளப்பைச் சேர்ந்த பாப் ஷா என்பவரைப் போய்ப் பார்த்துச் சொல்லச் சொன்னார். இல்லினாயிலேயே இருந்தவர், புகாட்டியை நல்லா அறிந்தவர்.

ஷாவின் ரிப்போர்ட் மோசம். கார்களில் பெரும்பகுதி மண் தரையில் நிக்குது. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கு, கூரை ஒழுகுது, உள்ளே பறவைகள் கூடு கட்டியிருக்கு. எல்லா வண்டியிலும் ஏதோ ஒரு பழுது. ரொம்ப நாளா எதையும் ஸ்டார்ட் பண்ணவே இல்லை.

நம்மில் பெரும்பாலானவங்க இதோட ஃபைலை மூடியிருப்போம். ஃப்ரிட்ஸ் மூடல. அந்த ரிப்போர்ட்டை வெச்சு விலையைக் குறைச்சார். இழுபறிக்குப் பிறகு 85,000 டாலரில் முடிஞ்சது. சராசரியா ஒரு காருக்கு 3,000 டாலருக்கும் கீழே, ராயலையும் சேர்த்து! (1987ல் லண்டனில் இன்னொரு ராயல் ஏலம் போனது 55 லட்சம் பவுண்டுக்கு.)

அவரால மட்டும் எப்படி முடிஞ்சதுன்னு யோசிச்சா, எனக்குத் தெரிஞ்ச பதில் இது. அவருக்கு அடுத்த வாரமே ஓட்டிட்டுப் போக ஒரு கார் தேவையில்லை. முலூஸ் நகர ஆலைக்குள்ள ரகசியமா ஒரு மெக்கானிக் பட்டாளமே வெச்சிருந்தார். ஓடாத காரை ஓட வைக்கிற ஆளும் நேரமும் அவர்கிட்ட இருந்தது. அதே ரிப்போர்ட், அதே விலை, சம்பளத்தில் கார் வாங்கற ஒருத்தருக்கு வந்திருந்தா "வேண்டாம்" என்பதுதான் சரியான பதிலா இருந்திருக்கும்.

1964 மார்ச் கடைசியில் ஹாஃப்மனில் 30 கார்களும் ரயிலில் ஏறின. திறந்த ரயில் வண்டியில் வரிசையா புகாட்டிகள் நிக்கிற போட்டோவைத் தேடிப் பாருங்க, கார் பிடிக்காதவங்களுக்கும் பிடிக்கும். அங்கிருந்து நியூ ஆர்லியன்ஸ், பிறகு கப்பலில் பிரான்ஸின் லே ஹாவ்ர் துறைமுகம்.

ராயல் பேச்சு வந்ததால நம்ம தொழில்காரர் ஒருத்தரையும் சொல்லிடறேன். ராயல் வாங்கின மூணே பேரில் ஒருத்தர் ஜோசஃப் ஃபுக்ஸ் என்ற ஜெர்மன் பிரசவ மருத்துவர். 1932ல் வாங்கினார். பிறகு ஜெர்மனியை விட்டு வெளியேறி ஷாங்காய் வழியா நியூயார்க் போய்ச் சேர்ந்தார், காரும் கூடவே போனது. அங்க ஒரு குளிர்காலத்தில் நான் மேலே சொன்ன அதே வியாதி: தண்ணி உறைஞ்சு பிளாக் வெடிச்சது. வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போயிடுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் இன்ஜினியர் சார்லஸ் செய்ன் 1946ல் அதைச் சுமார் 400 டாலருக்கு வாங்கினார். வெடிச்ச பிளாக்குன்னு தெரிஞ்சே வாங்கினார், சரி பண்ணும் திறமை கையில் இருந்தது. இப்ப அது மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்தில் இருக்கு.

சரி, ஃப்ரிட்ஸ் கதைக்கு வருவோம். ஒவ்வொரு காரையும் இவ்வளவு கவனமா எடை போட்டவர், அந்தக் காசு எங்கிருந்து வருதுன்னு பார்க்கல. அது நூற்பாலைக் காசு. 1970களில் ஜவுளித்தொழில் படுத்தது, ஆட்குறைப்பு வந்தது. சகோதரர்கள் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்குப் போயிட்டாங்க. 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் முலூஸ் ஆலைக்குள்ள நுழைஞ்சாங்க. உள்ளே 400க்கும் மேற்பட்ட கார்கள், அலங்கார விளக்குக் கம்பங்களுக்குக் கீழே வரிசை வரிசையா. வேலை போகுதுன்னு நின்னவங்க கண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அவங்க அந்த இடத்தை ரெண்டு வருஷம் கையில் வெச்சிருந்து, பொதுமக்களை உள்ளே விட்டாங்க. பிரான்ஸ் அரசு 1978ல் அந்தச் சேகரிப்பைப் பாதுகாக்கப்பட்ட சொத்தா அறிவிச்சது, 1982ல் அது தேசிய மியூசியமாத் திறந்தது. ஃப்ரிட்ஸ் 1992ல் இறந்தார். மண் தரையிலிருந்து ரயிலேறி வந்த அந்த ராயல் இன்னும் முலூஸில்தான் நிக்குது. டிக்கெட் எடுத்தா யாரும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.