மறதியை அளந்த மனுஷன்: எபிங்ஹாஸ்ல இருந்து ஆங்கி வரைக்கும்

இன்னைக்கு எபிசோட் பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு. குரூப் 4, நீட், கேட், செமஸ்டர் அரியர், எதுவா இருந்தாலும் சரி. நம்ம இன்பாக்ஸ்ல அதிகமா வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு: "ப்ரோ, நல்லா உட்கார்ந்துதான் படிக்கிறேன், ஒரு வாரத்துல எல்லாம் மறந்து போயிடுது. எனக்கு மூளையே இல்லையா?"

இந்தக் கேள்விக்கு டிப்ஸ் லிஸ்ட் கொடுத்து முடிச்சிடலாம். ஆனா அதுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட 140 வருஷ வரலாறு இருக்கு. அதைத் தெரிஞ்சுகிட்டா டிப்ஸை நீங்களே எழுதிப்பீங்க. முக்கியமா, "எனக்கு மூளை இல்ல"ங்கிற முடிவுக்கு வர மாட்டீங்க.

தன்னையே லேப் ஆக்கிக்கிட்டவர்

1879. ஜெர்மனியில லைப்சிக் நகரத்துல வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்குன்னு ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கின வருஷம். வெளிச்சம், சத்தம், எவ்வளவு வேகமா ரியாக்ட் பண்றோம், இதையெல்லாம் அங்க அளக்க ஆரம்பிச்சாங்க. ஆனா ஞாபகம் மாதிரியான விஷயங்களை சோதனை பண்ணி அளக்க முடியாதுன்னுதான் அன்னைக்குப் பொதுவான எண்ணம்.

அதே காலத்துல ஹெர்மன் எபிங்ஹாஸ்னு ஒருத்தர், வயசு 29, தனி ஆளா ஒரு வேலையில இறங்கினார். ஆய்வுக்கூடம் கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது, சோதனைக்கு மாணவர்களும் கிடையாது. தன்னோட மண்டையையே லேப்பா வச்சுக்கிட்டார்.

முதல் சிக்கல், எதை மனப்பாடம் பண்றது? ஒரு பாட்டையோ கவிதையையோ எடுத்தா, சில வரி ஏற்கனவே பழக்கமா இருக்கும், சில வரி மனசைத் தொடும். அப்போ அளவு சமமா இருக்காது. அதனால அர்த்தமே இல்லாத அசைகளை உருவாக்கினார். மெய், உயிர், மெய்ங்கிற அமைப்பு. நம்ம காதுக்குச் சொல்லணும்னா "ஞெப்", "வூக்", "தைம்" மாதிரி. இப்படி சுமார் 2300 அசை. கலந்து போட்டு, வந்த வரிசையில எடுத்து, ஒரே சீரான வேகத்துல, நிமிஷத்துக்கு 150 தாளத்துக்கு, வாசிச்சு வாசிச்சு பிழையில்லாம ஒப்பிக்கிற வரைக்கும் படிப்பார். எவ்வளவு நேரம் ஆச்சுன்னு குறிச்சுப்பார்.

படிக்கிற நேரத்தைக் கூட கண்டபடி மாத்தல. காலை 10-11, 11-12, இல்லன்னா மாலை 6-8. ஏன்னா நாளோட எந்த நேரத்துல படிக்கிறோம்ங்கிறதே ரிசல்ட்டை மாத்துதுன்னு கவனிச்சிருந்தார். 1879-80ல ஒரு ரவுண்டு, 1883-84ல இன்னொரு ரவுண்டு. 1885ல எல்லாத்தையும் ஒரு சின்னப் புத்தகமா போட்டார்.

அந்த வளைகோடு உண்மையில என்ன சொல்லுது?

"24 மணி நேரத்துல படிச்சதுல 70 சதவீதம் மறந்துடும்"னு தம்ப்நெயில் பார்த்திருப்பீங்க. பக்கத்துல சரிஞ்சு இறங்குற ஒரு கோடு இருக்கும். அது எபிங்ஹாஸோட வளைகோடுதான். ஆனா அவர் அளந்தது அது இல்ல.

அவர் கேட்ட கேள்வி இது: ஒரு லிஸ்ட்டை முதல் தடவை படிக்க 1000 நொடி ஆச்சுன்னு வச்சுக்குவோம். கொஞ்ச நாள் கழிச்சு அதே லிஸ்ட்டைத் திரும்பப் படிச்சா எவ்வளவு நொடி ஆகும்? 700 ஆச்சுன்னா 300 மிச்சம். அதாவது 30 சதவீத சேமிப்பு. இந்த சேமிப்பைத்தான் அளந்தார்.

சுமார் 20 நிமிஷம் கழிச்சு 58 சதவீதம் சேமிப்பு. ஒரு மணி நேரத்துல 44. ஒரு நாள்ல 34. ஆறு நாள்ல 25. ஒரு மாசம் கழிச்சு? 21.

இந்த நம்பர்களை ரெண்டு விதமா வாசிக்கணும். ஒண்ணு, சரிவு முதல் மணி நேரத்துலதான் செங்குத்தா இருக்கு. அப்புறம் கோடு கிட்டத்தட்ட படுத்துடுது. ஆறு நாளுக்கும் ஒரு மாசத்துக்கும் நடுவுல போனது வெறும் நாலு சதவீதம்தான். ரெண்டாவது, ஒரு மாசம் கழிச்சு, அதுவும் அர்த்தமே இல்லாத அசைகள்ல, அஞ்சுல ஒரு பங்கு உழைப்பு இன்னும் மிச்சம் இருக்கு. ஒரு அசை கூட வாயில வராம இருக்கலாம், ஆனா திரும்பப் படிக்க உட்கார்ந்தா வேகமா ஏறுது.

"சுத்தமா மறந்துட்டேன்"னு நீங்க நினைக்கிற பாடம் பூஜ்யத்துல இல்ல. இதை அவர் கருத்தா சொல்லல, கடிகாரம் வச்சு அளந்து காட்டினார். 2015ல ஆம்ஸ்டர்டாம்ல இந்த சோதனையைத் திரும்பவும் செஞ்சு பார்த்தாங்க. ஒரே ஒரு ஆள், 70 மணி நேரம் அசைகளை மனப்பாடம் பண்ணினார். கோடு பெரும்பாலும் அதே மாதிரிதான் வந்தது.

68க்கும் 38க்கும் உள்ள வித்தியாசம்

அதே புத்தகத்துல இன்னொரு ரிசல்ட் இருக்கு. நம்மளை மாதிரி பரீட்சை ஆளுங்களுக்கு வளைகோட்டை விட இதுதான் முக்கியம்.

12 அசை கொண்ட லிஸ்ட். ஒரே மூச்சுல 68 தடவை வாசிச்சா அடுத்த நாள் எவ்வளவு பலன் கிடைக்குதோ, அதே பலன் மூணு நாள்ல பிரிச்சு 38 தடவை வாசிச்சாலே கிடைச்சது. ஆளும் ஒண்ணு, மூளையும் ஒண்ணு. உழைப்பு மட்டும் கிட்டத்தட்ட பாதி. இடையில விட்ட இடைவெளி மீதி வேலையைப் பார்த்துக்கிச்சு.

பரீட்சைக்கு முந்தின நாள் நைட் அவுட் போடுறவங்க இதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. நைட் அவுட் வேலை செய்யாதுன்னு சொல்ல வரல. அடுத்த நாள் காலையில கொஞ்சம் வேலை செய்யும். ஆனா ரொம்ப காஸ்ட்லி.

புத்தகத்தை மூடு!

நம்ம வீட்டுப் பெரியவங்க ஒண்ணு சொல்வாங்க: "படிச்சது போதும், புக்கை மூடிட்டு ஒப்பி பார்ப்போம்." அதையும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.

1917ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பசங்களை வச்சு, படிக்கிற நேரத்துல எவ்வளவு பங்கு வாசிக்கணும், எவ்வளவு பங்கு பார்க்காம ஒப்பிக்கணும்னு மாத்தி மாத்தி பார்த்தார். பாதி நேரத்துக்கு மேல ஒப்பிச்சவங்கதான் முன்னாடி வந்தாங்க. 1939ல அமெரிக்காவோட அயோவா மாநிலத்துல ஹெர்பர்ட் ஸ்பிட்சர் 3605 ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வச்சு செஞ்ச ஆய்வுல, படிச்ச உடனே ஒரு சின்ன டெஸ்ட் எழுதினவங்களுக்கு வாரங்கள் கழிச்சும் அதிகமா ஞாபகம் இருந்தது.

இதோட நவீன வடிவம் 2006. ரோடிகர், கார்பிக்கி ரெண்டு பேரும் செயின்ட் லூயிஸ்ல செஞ்சது. ஒரு குழு பாடத்தை நாலு ரவுண்டு வாசிச்சது. இன்னொரு குழு ஒரு ரவுண்டு மட்டும் வாசிச்சு, மீதி மூணு ரவுண்டும் பார்க்காம ஞாபகப்படுத்தி எழுதினது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா வாசிச்ச குழு 83 சதவீதம், எழுதின குழு 71. வாசிச்சவங்க ஜெயிச்சுட்டாங்க! ஒரு வாரம் கழிச்சு? வாசிச்ச குழு 40, எழுதின குழு 61.

இதுல கவனிக்க வேண்டியது, ஒரு வாரம் கழிச்சு உங்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்கூட்டியே கேட்டப்போ, அதிக நம்பிக்கையா சொன்னது நாலு தடவை வாசிச்ச குழுதான். நம்ம சிக்கலே இங்கதான் இருக்கு. ஹைலைட்டர் பிடிச்சு திரும்பத் திரும்ப வாசிக்கும்போது பாடம் பழக்கமான முகம் மாதிரி தெரியும். அதை "தெரியும்"னு மூளை கணக்கு போட்டுக்கும். பார்க்காம எழுதும்போது தடுமாறுவோம், எரிச்சலா இருக்கும், "எதுவும் ஏறல"ன்னு தோணும். ஆனா ஏறுறது அப்பதான்.

ஒரு அட்டைப்பெட்டி, ஒரு அல்காரிதம்

சரி, இடைவெளி விடணும், பார்க்காம ஒப்பிக்கணும். ஆனா எந்தப் பாடத்தை என்னைக்குன்னு யார் கணக்கு வச்சுக்கிறது?

1932லயே சி. ஏ. மேஸ்ங்கிற பிரிட்டிஷ் உளவியலாளர், ஒரு நாள், ரெண்டு நாள், நாலு நாள், எட்டு நாள்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போகச் சொல்லி எழுதினார். 1972ல செபாஸ்டியன் லைட்னர்ங்கிற பத்திரிகையாளர் அதுக்கு ஒரு பெட்டி கொண்டு வந்தார். அஞ்சு அறை. அகலம் 1, 2, 5, 8, 14 சென்டிமீட்டர். கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம் எழுதின கார்டுகள். சரியா சொன்னா கார்டு அடுத்த அறைக்குப் போகும். தப்பா சொன்னா, எந்த அறையில இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். ஒரு அறை நிறைஞ்சா அதை எடுத்துப் படிக்கணும்.

கோடு எழுதுறவங்களுக்கு இது உடனே பிடிச்சுப் போகும். தேதி கிடையாது, காலண்டர் கிடையாது. அறையோட அகலம்தான் டைமர். சின்ன அறை சீக்கிரம் நிறையும், கஷ்டமான கார்டு அடிக்கடி கையில வரும். பெரிய அறை மெதுவா நிறையும், தெரிஞ்ச கார்டு உங்களைத் தொந்தரவு பண்ணாது.

1985ல போலந்துல போஸ்னான் நகரத்துல பியோட்டர் வோஸ்னியாக்னு ஒரு மாணவர் எபிங்ஹாஸ் பண்ணதையே பண்ணார். தன்னையே சோதிச்சு, பேப்பர்ல டேட்டா எழுதினார். அவருக்குக் கிடைச்ச இடைவெளிகள் 1, 7, 16, 35 நாள். 1987 டிசம்பர்ல அதை ஒரு சாஃப்ட்வேரா எழுதினார். பேரு சூப்பர்மெமோ. அதுல இருந்து வந்த எஸ்எம்-2 அல்காரிதம் ரொம்பச் சின்னது. முதல் இடைவெளி 1 நாள், ரெண்டாவது 6 நாள், அதுக்கப்புறம் முந்தின இடைவெளியை ஒரு எண்ணால பெருக்கு. அந்த எண் 2.5ல தொடங்கும். கார்டு உங்களுக்குக் கஷ்டமா இருந்தா குறையும், ஆனா 1.3க்குக் கீழ போகாது. அப்படின்னா 1, 6, 15, 38... மறந்துட்டா மறுபடி முதல்ல இருந்து.

2006ல டேமியன் எல்ம்ஸ் ஜப்பானிய மொழி படிக்கிறதுக்காக எழுதின ஆங்கி, இந்த எஸ்எம்-2 மேலதான் கட்டினது. ஜப்பானிய மொழியில ஆங்கின்னா மனப்பாடம்னு அர்த்தம். இன்னைக்கு உலகம் முழுக்க மருத்துவ மாணவர்கள் கையில இருக்கிறது இதுதான். 2023ல அதுல புது அல்காரிதம் ஒண்ணும் சேர்ந்தது. அது உங்க பழைய பதில்களைப் பார்த்து உங்க மறதியோட வளைகோட்டையே கணிக்கும்.

ஆப் இருக்கு, ஆள் வரணுமே?

எந்த அல்காரிதமும் நீங்க ஆப்பைத் திறக்கலன்னா வேலை செய்யாது. பத்து நாள் விட்டா 400 கார்டு க்யூல நிக்கும், பயந்து போய் டெலீட் பண்ணிடுவீங்க. அதனால பழக்கத்தைப் பத்தியும் ஒரு உண்மையைத் தெரிஞ்சுக்கணும்.

"21 நாள் செஞ்சா பழக்கமாயிடும்"னு எல்லாரும் சொல்றாங்க. இது பெரும்பாலும் 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்ங்கிற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதின புத்தகத்துல இருந்து வந்தது. அறுவை சிகிச்சை பண்ணிக்கிட்டவங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு அவர் கவனிச்சார். போகப் போக "குறைஞ்சது" காணாம போச்சு, "முகம்" காணாம போச்சு.

லண்டன்ல ஃபிலிப்பா லாலியும் மத்தவங்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து 2009ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு செயல் தன்னால நடக்கிற அளவுக்குப் பழகுறதுக்கான இடைநிலை அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 வரைக்கும் வித்தியாசம். 12 வாரம்னா 84 நாள்தானே, 254 எப்படின்னு கேட்பீங்க. கோடு போற போக்கை வச்சு கணிச்சது. இன்னொரு கண்டுபிடிப்பு, நடுவுல ஒரு நாள் விட்டுப் போனா பெருசா ஒண்ணும் கெடல. 22வது நாள் பழக்கம் வரலன்னா நீங்க சோம்பேறின்னு அர்த்தம் இல்ல. ஒரு நாள் விட்டுட்டா ஸ்ட்ரீக் போச்சேன்னு எல்லாத்தையும் விட வேண்டியதும் இல்ல.

நாளைக்கு என்ன பண்ணலாம்?

ஆப் வேணாம்னா ஒரு நோட்டு போதும். இன்னைக்கு ஒரு பாடம் முடிச்சா, பக்கத்து ஓரத்துல நாளைக்குத் தேதியும், அப்புறம் 7, 16, 35 நாள் தள்ளி வர்ற தேதிகளையும் எழுதுங்க. அந்தத் தேதியில புக்கைத் திறக்காம, வெள்ளைத் தாள்ல ஞாபகம் இருக்கிறதை எழுதிட்டு, அப்புறமா சரிபாருங்க. பரீட்சைக்கு ரெண்டு வாரம்தான் இருக்குன்னா 1, 3, 7ன்னு சுருக்கிக்கோங்க. டைம் ஒண்ணை ஃபிக்ஸ் பண்ணிக்கோங்க: டீ குடிச்ச உடனே, இல்ல பஸ்ல உட்கார்ந்த உடனே.

ஒரு எச்சரிக்கை. எபிங்ஹாஸ் படிச்சது அர்த்தமில்லாத அசைகளை. பைரனோட டான் ஜுவான் கவிதையை அவர் மனப்பாடம் பண்ணிப் பார்த்தப்போ, அசைகளுக்கு ஆன உழைப்புல பத்துல ஒரு பங்குதான் ஆச்சு. அதனால முதல்ல புரிஞ்சுக்கோங்க, அப்புறம் கார்டு போடுங்க. கணக்குக்கு ஃபார்முலா கார்டு மட்டும் பத்தாது, கணக்கைப் போட்டுத்தான் ஆகணும்.

அந்த இன்பாக்ஸ் கேள்விக்கு வரேன். மூளை இருக்கு. அது எல்லார் மூளையும் மறக்கிற மாதிரியே மறக்குது, அவ்வளவுதான். படிச்சது முழுசா போயிடல. சரியான நாள்ல போய் ஒரு தட்டு தட்டினா பாதி உழைப்புல திரும்பி வரும்.

இந்த எபிசோடை பரீட்சைக்குப் படிக்கிற ஒரு ஃப்ரெண்டுக்கு அனுப்புங்க.