தேர் போன வீதியில ஒரு சக்கர நாற்காலி

விளாங்குடியில நான் பார்க்கிற ஒரு ஐயா, ரிட்டயர்டு சரித்திர வாத்தியார். பக்கவாதம் வந்து இடது கால் சரியா வரல. மீனாட்சி கோயில் வீட்ல இருந்து அஞ்சாறு கிலோமீட்டர்தான். ஆனா மூணு வருசமா டவுனுக்குள்ள போகல. “பிரஷர் எல்லாம் இருக்கட்டும் தம்பி, மாசி வீதியை ஒருதரம் பார்க்கணும்”னார். இந்த த்ரெட் அதைப் பத்திதான்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலை 6.30. மடக்குற வீல்சேர், ஐயா, அவர் மகன், நான். ஆட்டோவுல பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் இறங்கினோம். அங்கே பழைய கோட்டையில ஒரு துண்டு இன்னும் நிக்குது. தினம் எத்தனை ஆயிரம் பேர் அதைத் தாண்டிப் போறோம்!

நாயக்கர் காலத்துக் கோட்டை. 72 கொத்தளம், பாளையத்துக்கு ஒண்ணுன்னு சொல்வாங்க. சுத்தி அகழி. 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிச்சு அகழியைத் தூர்த்தார். இடிச்சுக் கொடுத்தவங்களுக்கு அந்த இடத்துல நிலம். வேலையைப் பார்த்த பெருமாள் மேஸ்திரி பேர்லயும் சர்வேயர் மாரட் பேர்லயும் இன்னைக்கும் தெரு இருக்கு. தூர்த்த இடத்துலதான் வெளி வீதிகள் வந்துச்சு. “நாம இப்ப அகழி மேல உருண்டுட்டு இருக்கோம்”னார் ஐயா. வாத்தியார் திரும்பி வந்துட்டார்னு தெரிஞ்சுது.

அடுத்து மாசி வீதி. இங்கே ஒரு விசயம் கவனிங்க. மதுரையோட வீதிகள் கோயிலைச் சுத்தி சதுரம் சதுரமா இருக்கும்: ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி. சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுறது மாசி வீதியில. ஏன்? அது முன்னாடி மாசி மாசத்துல நடந்த விழா. திருமலை நாயக்கர்தான் அழகர் திருவிழாவோட சேர்த்து சித்திரைக்கு மாத்தினார்னு சொல்வாங்க. மாசம் மாறுச்சு, வீதி மாறல.

தேர் ஓடணும்னா வீதி அகலமா, மேடு பள்ளம் இல்லாம, மூலை திரும்ப இடம் விட்டு இருக்கணும். வீல்சேருக்கும் அதேதான் வேணும். அந்தக் காலத்து வீதி எங்களை எங்கேயும் தடுக்கல. தடுத்ததெல்லாம் நேத்து வந்தது: நடைபாதையில நிறுத்தின பைக், மூடி உடைஞ்ச சாக்கடை, ஒரு கடை வாசல்ல சுவர் மாதிரி செங்குத்தா ஒரு சாய்தளம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும்ங்க. 1:12, இதான் நம்ம நாட்டு வழிகாட்டு விதி. அதைவிடச் செங்குத்தா இருந்தா பின்னாடி தள்றவருக்கும் ஆபத்து.

மேல மாசி வீதி 251-ஏ. 1921 செப்டம்பர் 22, காந்தி முழ வேட்டிக்கு மாறினது இந்த வீட்ல. அவர் தங்கினது மாடியில. கதர்க்கடை திறக்கிற நேரமில்ல, திறந்திருந்தாலும் படி. ஐயா வாசல்ல உக்காந்தபடியே கதை சொன்னார். பூ விக்கிற அம்மா ரெண்டு பேரும் நின்னு கேட்டாங்க.

சித்திரை வீதியில வண்டி விடுறதில்ல, கல் பாவியிருக்கு, தள்ள சுகம். ஆனா சர்க்கரை நோயாளிகளே, மதியம் இந்தக் கல்லுல வெறுங்கால்ல நடக்காதீங்க. மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது, கொப்புளம் போட்டபிறகுதான் தெரியும். காலையில போங்க. வீல்சேர்ல இருக்கிறவரை கால் மணி நேரத்துக்கு ஒருதரம் கொஞ்சம் அசைஞ்சு உக்கார வைங்க, புண்ணு வராது.

கோபுரத்தைப் பார்த்தபடி ஐயா 1939 ஜூலை 8-ஐச் சொன்னார். வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்டவங்களைக் கூட்டிட்டு உள்ளே போன நாள். அதுவரைக்கும் பெரிய கூட்டத்துக்கு இந்த வாசல் மூடித்தான் இருந்துச்சு. அப்போ தடுத்தது படி இல்ல, மனுசன்.

கடைசியா விளக்குத்தூண். கோட்டையை இடிச்ச அதே பிளாக்பர்ன் நினைவா வச்ச தூண்தான். ஜிகர்தண்டாக் கடை இன்னும் திறக்கல, ஐயாவோட சர்க்கரை தப்பிச்சுது.

அங்கிருந்து பத்துத்தூண் எட்டிப் பார்க்கிற தூரம்தான். திருமலை நாயக்கர் அரண்மனையோட சேர்ந்திருந்த கட்டடத்துல மிஞ்சின பத்து தூண். ஆனா அந்தச் சந்துக்குள்ள வீல்சேர் நுழையுமான்னு மகனுக்குச் சந்தேகம். ஐயா முகம் வாடிடுச்சு. அடுத்த ஞாயிறு டேப்போட போய் அளந்துட்டு வந்து சொல்றேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தத் தெருவுல கடை வச்சிருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, அகலம் எவ்வளவுன்னு கீழே சொல்லுங்க.