ஜக்கியும் ரேச்சலும்: கம்பஸ் வாசலுக்கு வெளியே ஒரு காதல்

படங்களில் அடிக்கடி வாற ஒரு காதல் இருக்கு. விளையாட்டில் கொடிகட்டிப் பறக்கிற பெடியன். புத்தகமும் கையுமாய் ஒதுங்கித் திரியிற பெட்டை. இரண்டு பேரும் சேர்ந்தவுடன் படம் முடிஞ்சிடும். உண்மையில் நடந்த அப்படியொரு காதலைப் பற்றி நாங்கள் வாசித்தபோது, கதை கம்பஸ் வாசலுக்கு வெளியேதான் சூடுபிடித்தது.

1940, லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம். அங்கே ஜக்கி ரொபின்சனைத் தெரியாத ஆளில்லை. அமெரிக்கக் காற்பந்து, கூடைப்பந்து, மெய்வல்லுநர், பேஸ்போல் என்று நான்கிலும், எங்கட பேச்சில் சொன்னால், 'கலர்ஸ்' எடுத்த முதல் மாணவர் அவர். ரேச்சல் ஐசம் தாதியியல் படிக்க வந்த முதலாம் வருட மாணவி. கூச்ச சுபாவம், படிப்பிலேயே கவனம். மைதானத்தில் இடுப்பில் கைவைத்து நிற்கிற ஜக்கியைப் பார்த்து, தலைக்கனம் பிடித்தவர் என்றுதான் முதலில் நினைத்திருந்தார். பழகிய பிறகுதான் தெரிந்தது, அவரும் கூச்சக்காரர் என்று.

1941இல் ஜக்கி பட்டம் எடுக்காமலே வெளியேறினார். எவ்வளவு படித்தாலும் கறுப்பினத்தவனுக்கு நல்ல வேலை கிடைக்காது என்பது அவருடைய எண்ணம். ரேச்சலுக்கு அதில் உடன்பாடில்லை. அவர் 1945இல் படிப்பை முடித்த பிறகே, 1946 பெப்ரவரி 10ஆம் திகதி திருமணம் நடந்தது.

இடையில் போர் வந்தது. 1944இல் ரெக்சாஸில் இராணுவ அதிகாரியாக இருந்த ஜக்கியை, பஸ்ஸில் பின்னுக்குப் போகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். இராணுவ நீதிமன்றம் வரை போய், குற்றமற்றவர் என்று விடுதலையானார்.

திருமணமாகிச் சில கிழமைகளில் இருவரும் பேஸ்போல் பயிற்சிக்காகப் புளோரிடாவுக்குப் புறப்பட்டார்கள். வழியில் இரண்டு இடங்களில் விமானத்தில் இடமில்லாமல் செய்தார்கள். கடைசியில் ஏறிய பஸ்ஸிலும் பின்னுக்குப் போகச் சொன்னார்கள். இந்தமுறை ஜக்கி எழும்பிப் போனார். வெள்ளையர் மட்டுமே விளையாடிய உயர்மட்ட பேஸ்போலுக்குள் நுழையும் வாய்ப்பைத் தந்த பிராஞ்ச் ரிக்கியிடம், என்ன அவமானம் வந்தாலும் திருப்பி அடிக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அடங்கிப் போவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைப் பக்கத்தில் இருந்த ரேச்சல் அறிவார். நாங்கள் காதல் என்று நினைப்பது அந்தப் பின் இருக்கையைத்தான்.

1947 ஏப்ரல் 15ஆம் திகதி புறூக்ளின் டொட்ஜேர்ஸ் அணிக்காக ஜக்கி களமிறங்கினார். 1997இல் அவரது 42ஆம் இலக்கத்தை எல்லா அணிகளிலும் ஓய்வுபெறச் செய்தார்கள். இவ்வளவும் பலருக்குத் தெரியும்.

ரேச்சல்? ஜக்கி ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மீண்டும் படிக்கப் போனார். நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உளநலத் தாதியியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தின் தாதியர் கல்லூரியில் உதவிப் பேராசிரியரானார். 1972இல் ஜக்கி இறந்தபின், அடுத்த வருடமே அவர் பெயரில் மன்றம் தொடங்கி, வசதியற்ற மாணவர்களின் பல்கலைக்கழகப் படிப்புக்கு உதவினார்.

பட்டம் எடுக்காமல் போனவரின் பெயரில் எத்தனையோ பேர் இன்று பட்டம் எடுக்கிறார்கள். அதைச் செய்தவரை வரலாறு இன்னும் 'ஜக்கியின் மனைவி' என்றே சொல்லிக்கொண்டிருக்கு. அந்தப் புத்தகப்பூச்சியின் பெயர் ரேச்சல். அதையும் சேர்த்தே நாங்கள் ஞாபகம் வைப்போம்.