தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமா?

பார்க்கக்கூடாதுன்னுதான் நம்ம ஊர்ப் பழமொழி. மாட்டுக்குச் சரி. பள்ளிக்கூடத்துக்கு வர்ற தானத்தை? தான்சானியாவோட கதையைப் படிச்சதுலேர்ந்து, அதைப் பார்த்தே ஆகணும்னு தோணுது.

1961-ல் பிரிட்டன்கிட்டேர்ந்து விடுதலை வாங்கின நாடு அது. ஜூலியஸ் நைரேரே ஆட்சியில், 1967-ல் அரசு ஆரம்பப் பள்ளிகள்ல பயிற்றுமொழி ஸ்வாஹிலின்னு ஆச்சு. ஆனா உயர்நிலைப் பள்ளியில் பழையபடி இங்கிலீஷ்தான். ஏழு வருஷம் ஸ்வாஹிலியில கணக்கு போட்ட பிள்ளை, எட்டாவது வருஷம் திடீர்னு இங்கிலீஷ்ல பௌதிகம் படிக்கணும். எப்படி இருக்கும்? வாத்தியார் போர்டுல எழுதினதை அப்படியே காப்பி அடிச்சு, மனப்பாடம் பண்ண வேண்டியதுதான்.

இதைச் சரிபண்ண, மக்வேட்டா தலைமையிலான கமிஷன் 1982-ல் ஒரு வழி சொன்னது: 1985-லிருந்து உயர்நிலைப் பள்ளியிலும், 1992-லிருந்து பல்கலைக்கழகத்திலும் ஸ்வாஹிலி.

ஆனா அப்போ கஜானா காலி. எண்ணெய் விலையேற்றம் ஒரு பக்கம், உகாண்டாவோட 1978-79 போர்ச்செலவு இன்னொரு பக்கம். அந்த நேரத்துல, 1984-ல், கிரிப்பர், டாட் என்ற இரண்டு நிபுணர்களோட அறிக்கையை பிரிட்டிஷ் கவுன்சில் வெளியிட்டது. பெரும்பாலான மாணவர்களுக்குப் பாடம் புரியற அளவுக்கு இங்கிலீஷ் வரலைன்னு அதுவே ஒத்துக்குது. அப்போ மொழியை மாத்தணும்னுதானே சொல்லியிருக்கணும்? இல்லை, இங்கிலீஷே தொடரட்டும், அதை நல்லா சொல்லிக்கொடுங்கன்னு முடிச்சாங்க!

கமிஷன் யோசனையை அரசு ஓரங்கட்டியது. 1987-ல் பிரிட்டன் சுமார் 15 லட்சம் பவுண்டு கொடுத்து, இங்கிலீஷ் கற்பிக்கும் திட்டம் ஒண்ணைத் தொடங்கியது. வாசிப்புப் புத்தகம், ஆசிரியர் பயிற்சி எல்லாம் வந்தது.

இதை வெள்ளைக்காரன் சதின்னு மட்டும் சொல்லி முடிச்சா நியாயமில்லை. நைரேரேவுக்கே இங்கிலீஷை விட மனசில்லை. பெற்றோர் பலருக்கும் அந்த ஆசை உண்டு. ஆனா உதவி செய்த வேலையைக் கவனிங்க. யாரும் உத்தரவு போடலை. ஒரு வழிக்குக் காசு இருந்தது, இன்னொரு வழிக்கு இல்லை. ஸ்வாஹிலியில அறிவியல் பாடநூல் எழுத, கலைச்சொல் பரப்ப, வாத்தியாரைத் தயார்பண்ண யார் பணம் தருவா? காசில்லாத நாடு, காசு இருக்கற வழியிலதான் நடக்கும்.

2014 கல்விக் கொள்கை மறுபடி ஸ்வாஹிலிக்கு வழிவிட்டது. ஆனா உயர்நிலைப் பள்ளி வகுப்பறை மாறலை. மக்வேட்டா சொல்லி 40 வருஷம் தாண்டியாச்சு.

மாட்டோட பல்லைப் பார்க்கறதுல தப்பில்லைங்க. அது நம்மளை எந்தப் பக்கம் இழுத்துக்கிட்டுப் போகுதுன்னும் சேர்த்தே பார்க்கணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?