களஞ்சியத்துள் ஒரு நகர்

யப்பான் தேசத்தின் நடுப்பகுதியில், நாற்புறமும் மலை சூழ்ந்த ஹிடா நாட்டிலே தாக்கயாமா என்னும் நகர் உள்ளது. அந்நகரின் வரலாற்றைக் கூறும் நூதனசாலை 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உள்ளே செல்வோர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. நகாத்தா, யாஜிமா என்னும் இரு பெருவணிகக் குடும்பங்களின் பழைய மண் களஞ்சியங்களே அதன் காட்சிக்கூடங்களாயின. ஊரின் கதை அரசமாளிகையில் அன்றி வணிகர் களஞ்சியத்தில் இருப்பதற்குத் தக்க காரணம் உண்டு.

கனமோரி நகச்சிக்கா என்பவன் 1585ஆம் ஆண்டு ஹிடாவினுட் புகுந்து அதனைக் கைப்பற்றினான். 1588இற் கோட்டை கட்டத் தொடங்கி, அதன் அடியில் வீதிகளை வகுத்தான். அவன் வழியினர் ஆறு தலைமுறை ஆண்டனர். 1692இல் யப்பானின் ஆட்சியாளராயிருந்த தொக்குகவா அரசினர், மரமும் கனியமும் மலிந்த அந்நாட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, கனமோரி குலத்தை வடக்கே பெயர்த்தனர். மூன்றாண்டிற் கோட்டையும் இடிக்கப்பட்டது. இன்று குன்றின்மேல் எஞ்சியிருப்பவை இடிபாடுகளே.

போர்வீரர் அகன்ற நகரில் வணிகர் தலையெடுத்தனர். ஆயினும் அவர்தம் பொருளைப் பகைவரினும் அதிகமாக அச்சுறுத்தியது நெருப்பு. வீடுகளெல்லாம் மரத்தாலானவை; ஒன்றோடொன்று ஒட்டி நின்றவை. 1875இல் மூண்ட பெருந்தீ நகரின் பல வீடுகளை விழுங்கிற்று. ஆகவேதான் விலையுயர்ந்தவற்றை வைக்கத் தனியே மண் களஞ்சியம் எழுப்பினர். மரச்சட்டத்தில் மூங்கில் வரிச்சுக் கட்டி, வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் மீண்டும் பூசுவர். இவ்வாறு பல படைகள் ஏறிய பின்னரே சுண்ணச்சாந்து இடுவர். சுவர் ஒரு சாணினும் தடிப்பாகும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையன்று. கதவுகளின் விளிம்பு படிப்படியாக அமைந்து ஒன்றினுள் ஒன்று பொருந்தும். தீ நெருங்கினால் அவ்விடுக்கையும் ஈரமண்ணால் அடைத்துவிடலாம்.

அச்சுவர்களுக்கு வெளியே வாழ்ந்த உழவரையும் மறத்தலாகாது. தொக்குகவா அரசின் அதிகாரி ஓகரா நிலங்களை மறுபடி அளந்து வரியை உயர்த்த முற்பட்டபோது உழவர் எதிர்த்தெழுந்தனர். 1771இல் தொடங்கிய அக்கிளர்ச்சி 1788வரை ஓயவில்லை. தலைவர் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் குடில்களைக் காக்கத் தடித்த சுவர் இருக்கவில்லை.

தச்சர் கதையோ இன்னும் பழையது. எட்டாம் நூற்றாண்டுச் சட்டப்படி ஹிடா மக்கள் துணிவரி முதலியவற்றுக்கு ஈடாக, ஐம்பது குடிகொண்ட ஊருக்குப் பதின்மராகத் தச்சரைத் தலைநகருக்கு அனுப்பினர். அரண்மனைகளும் புத்த கோயில்களும் அவர்தம் உளிக்குக் கடன்பட்டவை. அந்தக் கைத்திறனும் வணிகர் செல்வமும் பிற்காலத்திற் கூடியபோது தாக்கயாமாவின் விழாத்தேர்கள் பிறந்தன. 2016இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் இத்தேர்விழாவை, யப்பானின் ஏனைய தேர்விழாக்களோடு சேர்த்து, மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. சித்திரையிலும் ஐப்பசியை ஒட்டியும் வீதியில் உலாவரும் அத்தேர்கள் மற்றைய நாள்களில் தத்தம் குறிச்சியிலே, நெடிதுயர்ந்த கதவுகளையுடைய மண் களஞ்சியங்களில் வைக்கப்பட்டிருக்கும்.