மூட்டும் மொழியும்

துணிக்கடையில் கைலி வாங்குகிறவரிடம் கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, மூட்டியது வேண்டுமா மூட்டாதது வேண்டுமா என்பது. இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைப்பது மூட்டுதல். நெல் நிரப்பிய கோணியின் வாயைச் சணலால் இழுத்துத் தைப்பதும் மூட்டுதலே. அப்படித் தைத்துக் கட்டப்பட்டது மூட்டை. தையல் ஓடும் இடம் மூட்டுவாய். மருத்துவரிடம் போய் நாம் தேய்ந்துவிட்டதென்று முறையிடும் மூட்டு, இந்தத் தையற்காரரின் மூட்டோடு ஒரே சொல்தான் என்பதைச் சொல்லன்பராகிய தாங்கள் உடனே ஒப்புவீர்கள். ஆனால் அடுப்பில் தீ மூட்டுவதும், அண்ணன் தம்பிக்கிடையே சண்டை மூட்டுவதும் எப்படி இதே சொல்லாயின என்று கேட்டால் சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

நீள் என்பது நீட்டு என்றும், சுருள் சுருட்டு என்றும், திரள் திரட்டு என்றும் பிறவினை கொள்ளும் அதே தடத்தில் மூள் என்பது மூட்டு ஆகிறது. தீ மூண்டது, போர் மூண்டது, சினம் மூண்டது என்னும் வழக்குகளை அடுக்கிப் பாருங்கள். எதுவும் தனியே மூள்வதில்லை. விறகோடு பொறி சேர வேண்டும். படையோடு படை சேர வேண்டும். ஒன்றை ஒன்று தொட்டுப் பற்றிக்கொள்ளுதலே மூளுதல், பற்றிக்கொள்ளச் செய்தலே மூட்டுதல் என்று கொண்டால், தீயும் பகையும் தையலும் ஒரே வினையின் கீழ் இடறலின்றி அமர்ந்துவிடுகின்றன. முட்டு என்பதோடு இதை உறவுபடுத்துவாரும் உண்டு. முட்டுவதிலும் ஒன்றோடொன்று தொடுதல் இருப்பதால் அவர்களோடு எனக்குப் பெரிய வழக்கில்லை. மூட்டைப்பூச்சியை மட்டும் இக்குடும்பத்தில் சேர்க்கத் தயங்குகிறேன். அது மெத்தையின் மூட்டுவாயில் ஒளிவதால் பெயர் பெற்றது என்று சொல்ல நா துடிக்கும். ஆனால் மலையாளத்தில் மூட்ட என்ற அளவிலேயே அந்தப் பூச்சி நிற்கிறது, பூச்சி என்னும் வால் அதற்குத் தேவைப்படவில்லை.

தையல் என்னும் பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு மண்டையோட்டைப் பாருங்கள். அதன் தட்டெலும்புகள் பல்பல்லான விளிம்புகளால் ஒன்றையொன்று கவ்விக் கிடக்கும் கோடுகளுக்கு இலத்தீன் வழி வந்த மருத்துவர் இட்ட பெயர் சூச்சுரா. தையல் என்பதே அதன் பொருள். அசையா மூட்டு என்று பாடநூல் வகுப்பது இதைத்தான். பிறந்த குழந்தைக்கு இந்தத் தையல் இன்னும் இறுகியிருக்காது. உச்சிக்குழி மெத்தென்று துடிப்பதைத் தாய்மார் அறிவர். ஒன்றரை வயதையொட்டி அது மூடிக்கொள்கிறது. அசைவே இல்லாத இணைப்பை மூட்டு என்று ஏன் சொல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. சொல்லின் வரலாறு அவர்கள் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருக்கிறது: சேர்ப்பதே இச்சொல்லின் வேலை, அசைப்பது அன்று. மண்டையோட்டு மூட்டுதான் பெயருக்கு முழு உரிமை உடையது. தோளும் இடுப்பும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

சேர்தல் என்னும் பார்வையில் எழுந்த பெயர்கள் இவை. உடலின் இணைப்புகளைத் தமிழ் வேறொரு கண்ணாலும் பார்த்திருக்கிறது. அது உழவரின் கண். மூங்கிலிலும் கரும்பிலும் இரு தண்டுகள் கூடுமிடம் புடைத்து நிற்கும், அது கணு. காலின் அடியில் எலும்பு இருபுறமும் புடைத்து நிற்குமிடம் கணுக்கால். (கணைக்கால் என்பது வேறு, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட தண்டு அது. செய்தித்தாள்கள் ஆட்டக்காரர்களின் காயத்தை எழுதும்போது இவ்விரண்டையும் மாற்றிப் போடுவது என் காலை உணவைக் கெடுக்கும் சங்கதிகளுள் ஒன்று.) கணுவுக்கு மொளி என்றும் ஒரு பெயருண்டு. முழி, மொழி, மொளி என்னும் மூன்று வடிவங்களும் கணு, உடற்பொருத்து என்னும் பொருள்களில் வழங்கியவை. முழி என்றவுடன் கண்விழி நினைவுக்கு வருவது இயல்பே. அந்த முழி விழியின் திரிபு, அதை ஒதுக்கிவிடலாம்.

இந்த முழியைக் கையில் பிடித்துக்கொண்டால் ஒரு பழைய புதிருக்கு விடை கிடைக்கிறது. முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை ஒரு முழம். பூக்கடையில் இன்றும் மல்லிகை இந்த அளவில்தான் விற்கிறது. அளவுக்குரிய கை ஆதலால் முழங்கை என்று பெயர் வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள், முழம் + கை என்று பிரித்தும் காட்டுகிறார்கள். அப்படியானால் முழங்காலை என்ன செய்வது? உலகில் எவரும் முழங்காலால் பூ அளந்ததில்லை. முழந்தாள் என்பதும் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்கிறது. ஆகவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்: முழ என்பது முதலில் மடங்கும் கணுவையே குறித்திருக்க வேண்டும், கையின் கணு முழங்கை, காலின் கணு முழங்கால், கைக்கணுவிலிருந்து நீளும் அளவு அதன் பெயரால் முழம் ஆயிற்று. உடன்பிறந்த மொழிகளும் இதற்குத் துணை வருகின்றன. கன்னடத்தில் முழங்கால் மொணகாலு, முழங்கை மொணகை, முழம் மொள. தெலுங்கில் மோகாலு, மோசேயி, மூர. காலும் கையும் ஒரே முன்னொட்டைப் பகிர்ந்துகொள்ள, அளவு மட்டும் தனியே நடக்கிறது. தொலைவிலுள்ள இலத்தீனிலும் க்யூபிடம் என்றால் முதலில் முழங்கை, பிறகே முழம். அளவுகோல் கண்டறிவதற்கு முன்பே மனிதனுக்கு முழங்கை இருந்தது. பெயரும் அந்த வரிசையிலேயே வந்திருக்கிறது.

மொழி என்னும் வடிவத்தைக் கண்டதும் சொல்விரும்பிகள் நெஞ்சில் ஒரு சபலம் எழும். எனக்கும் எழுந்தது. இலத்தீனில் ஆர்ட்டிகுலுஸ் என்றால் சிறு மூட்டு. ஒலியை மூட்டு மூட்டாகப் பிரித்துத் தெளிவாகப் பேசுவதற்கான ஐரோப்பியச் சொற்கள் அதிலிருந்தே கிளைத்தன. கிரேக்கத்தில் மூட்டைக் குறிக்கும் ஆர்த்ரான் என்பதே இலக்கணத்தில் பெயர்ச்சொல்லின் முன் நிற்கும் இடைச்சொல்லுக்கும் பெயர். அப்படியிருக்க, மூட்டையும் பேச்சையும் ஒரே எழுத்துகளால் எழுதும் மொழி நமக்கு வாய்த்திருப்பதைக் கண்டு துள்ளிக் குதிக்கலாமே? குதிக்க வேண்டாம். கணுப்பொருள் மொழிக்கு முழி, மொளி என்று உறவினர் உண்டு. பேச்சுப்பொருள் மொழியோ மொழிதல் என்னும் வினையோடு நிற்பது, அந்த உறவினரோடு அதற்குப் புழக்கமில்லை. இரண்டும் ஒலியால் ஒன்றானவை, வேரால் அல்ல என்றே கொள்கிறேன். இதில் உடலும் ஒரு குறும்பு செய்திருக்கிறது. நாவைத் தாங்கிப் பேச்சுக்கு உதவும் நாவடி எலும்பு ஒன்றுதான், வளர்ந்தவரின் 206 எலும்புகளுள், வேறெந்த எலும்போடும் மூட்டுக் கொள்ளாமல் தசைகளிலும் நார்களிலும் தொங்குவது. மொழிக்குத் துணையான எலும்புக்கு மொழி இல்லை.

வடமொழியிலிருந்து வந்த சந்தி, உடலில் சந்து ஆகி, தொடைச்சந்து முதலிய வழக்குகளைத் தந்தது, தெருவில் முச்சந்தியாயிற்று, இலக்கண வகுப்பில் சந்திப்பிழையாயிற்று. சொல்லும் சொல்லும் கூடுவதற்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் புணர்ச்சி; எழுத்ததிகாரத்தில் அதற்குப் புணரியல் என்று ஓர் இயலே உண்டு. எலும்பும் எலும்பும் கூடுவதற்கும் சொல்லும் சொல்லும் கூடுவதற்கும் வடமொழி ஒரே பெயரை ஆள, தமிழ் எலும்புக்கு மூட்டையும் சொல்லுக்குப் புணர்ச்சியையும் தனித்தனியே வைத்துக்கொண்டது. மணிக்கட்டில் மட்டும் இரண்டும் கைகோக்கின்றன: வடமொழியில் மணிபந்தம், தமிழில் மணிக்கட்டு, இரண்டுக்கும் மணி கட்டுமிடம் என்பதே பொருள். கடிகாரம் கட்டுகிறவர்களுக்கு அது இன்று வேறொரு வகையிலும் பொருந்திப்போகிறது.

கதவுத் தச்சரின் கீல், முளை ஆணி என்னும் பொருளுடைய வடசொல் கீலத்தின் வழி வந்தது. கதவுக்கும் கைக்கும் பொதுவாக அது நின்றதால் மூட்டுநோய்க்குக் கீல்வாதம் என்று பெயர் அமைந்தது. இந்தக் காலப் பாடநூல் முழங்கையைக் கீல் மூட்டு என்று வகைப்படுத்தும்போது புதுச்சொல் ஆக்கிவிட்டதாக எண்ணக்கூடும். நாட்டு வைத்தியர் அதை எப்போதோ சொல்லி முடித்துவிட்டார். மற்ற வகைகளின் பெயர்கள் மொழிபெயர்ப்பில் பிறந்தவை ஆயினும் சில அழகாகவே விழுந்திருக்கின்றன. தோளுக்கும் இடுப்புக்கும் பந்துக் கிண்ண மூட்டு. தோளின் கிண்ணம் ஆழம் குறைந்தது, ஆகவே உடலின் மிகச் சுதந்திரமான மூட்டும் அதுவே, எளிதில் நழுவுவதும் அதுவே. பெருவிரலின் அடியில் குதிரைச் சேணம் போன்ற சேண மூட்டு. கழுத்தில் முளை மூட்டு: இரண்டாம் முள்ளெலும்பிலிருந்து ஒரு முளை மேலெழ, முதல் முள்ளெலும்பு வளையமாய் அதைச் சுற்றுகிறது, மாட்டேன் என்று நாம் தலையசைப்பதெல்லாம் அந்த முளையைச் சுற்றித்தான். மண்ணிலிருந்து எழுவதும் முளை, மாடு கட்ட மண்ணில் அறைவதும் முளை. அந்த எலும்பு முன்னதைப் போல் எழுந்து பின்னதன் வேலையைச் செய்கிறது.

வழக்கு ஒழிந்துவரும் ஒரு பெயருக்காக எனக்கு வருத்தமுண்டு: பூட்டு. தோட்பூட்டு, இடுப்புப்பூட்டு என்று பெரியவர்கள் சொன்னது, ஏரில் மாட்டைப் பூட்டுவது போல எலும்பில் எலும்பைப் பூட்டியிருக்கிறது என்னும் கருத்தில். திறவுகோலிடும் பூட்டு அதன் பிற்கால உறவு. அந்தப் பிற்பொருளும் முழங்காலுக்குப் பொருந்துகிறது என்பது வியப்பு. காலை முற்ற நீட்டி நிமிரும் கடைசிக் கணத்தில் கணைக்கால் எலும்பு சற்றே வெளிப்புறம் திருகி மூட்டை இறுக்கிக்கொள்ளும். நெடுநேரம் நிற்கையில் தொடைத்தசை களைக்காதிருப்பது இதனால். மறுபடி மடக்க, முழங்காலின் பின்னே உள்ள சிறு தசை ஒன்று அந்தத் திருகை அவிழ்க்க வேண்டும். பூட்டு என்று பெயரிட்டவர் இதை அறிந்திருக்க வழியில்லை. பெயர் மட்டும் காத்திருந்து தன் பொருளைப் பெற்றுக்கொண்டது.

அசையும் மூட்டுகளுக்குள் வழவழப்பாய் ஊறும் நீருக்கு சைனோவியா என்று 16ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்தவர் பாராசெல்சஸ்; முட்டையின் வெண்கருவை நினைத்து வைத்த பெயர் என்பர். நாம் நெட்டி முறிக்கும்போது எழும் ஒலி அந்த நீரிலிருந்துதான் வருகிறது. விரலை இழுக்க, மூட்டிடை திடீரென்று விரிந்து, நீரில் ஒரு வளிக்குழி தோன்றுவதை 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் காந்த அதிர்வுப் படத்தில் நேரடியாகப் பதிந்தனர். எலும்பு எதுவும் முறிவதில்லை. ஆயினும் நெட்டியை முறித்தல் என்றே சொல்கிறோம், குழந்தைக்குக் கண்ணேறு கழிக்கும் பாட்டியின் விரல்களிலும் அந்த ஒலி கேட்டால்தான் மனம் நிறைகிறது.

அசைவுக்கான சொற்களில் உயிரெழுத்து ஒன்று மாறுவதால் ஒரு வாழ்வே மாறுவதைக் கவனியுங்கள். மடக்கியதை நீட்டலாம், முடக்கியது நீளாது. கத்தியை மடக்குகிறோம், குடையை மடக்குகிறோம். நோயால் கை முடங்குகிறது, முடம் ஆகிறது. அதனால்தான் விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிப்போகும் நோய்க்கு முடக்குவாதம் என்ற பெயர் பொருந்தி நின்றுவிட்டது. அந்த முடக்கைத் தீர்ப்பதென்று நம்பி உண்ணப்படும் கொடிக்கு முடக்கறுத்தான், முடக்கற்றான் என இருவகை எழுத்து உண்டு. முடக்கு அறுத்தான் என்றால் நோயை வெட்டி எறிந்தவன், அதாவது மருந்து. முடக்கு அற்றான் என்றால் நோய் நீங்கப்பெற்றவன், அதாவது தின்றவன். இலக்கணம் இரண்டையும் ஏற்கிறது. கீரைக்காரம்மாவிடம் முடக்கத்தான் என்று கேட்டால்தான் கட்டு கிடைக்கும்.